பெருங்குடலில் ஒரு வரவு செலவு

இரண்டே வாரம் சாப்பாட்டை மாற்றினால் என்ன ஆகும்? "வீட்டில் சண்டை வரும்" என்றார் நண்பர் ஒருவர். அது மட்டுமில்லை சார், பெருங்குடலே மாறுகிறது!

2015-ல் வந்த ஓர் ஆய்வின் கணக்குப்படி, அமெரிக்கக் கறுப்பின மக்களில் வருஷத்துக்கு லட்சத்தில் சுமார் 65 பேருக்குப் பெருங்குடல் புற்றுநோய் வந்தது. தென்னாப்பிரிக்கக் கிராமங்களில் 5 பேருக்குக்கூட இல்லை. இரு சாராருக்கும் பூர்வீகம் ஆப்பிரிக்காதான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்?

பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக டாக்டர் ஸ்டீபன் ஓ'கீஃபின் குழு ஒரு காரியம் செய்தது. இங்கே 20 பேர், அங்கே 20 பேர். சாப்பாட்டை அப்படியே மாற்றிப் போட்டார்கள். அமெரிக்கர்களுக்கு மக்காச்சோளம், பயறு. கிராமத்தாருக்கு பர்கர், ஃப்ரைஸ். அமெரிக்கர்களின் நார்ச்சத்து தினம் 14 கிராமிலிருந்து 55 ஆனது. கிராமத்தாருக்கு 66-லிருந்து 12 ஆகச் சரிந்தது. 2015-ல் முடிவு வெளியானது.

நான் பி.காம். எனக்குப் புரிந்த கணக்கில் சொல்கிறேன். நார்ச்சத்து நமக்கு ஜீரணமாகாது. ஆனால் பெருங்குடலில் குடியிருக்கும் கோடானுகோடி பாக்டீரியாக்களுக்கு அதுதான் சம்பளம். வாங்கிக்கொண்டு சும்மா இருக்காமல், 'ப்யூட்டிரேட்' என்ற சரக்கைத் தயாரித்துத் தருகின்றன. குடல் சுவருக்கு அதுதான் சாப்பாடு. செல்கள் தறிகெட்டு வளராமல் தடுப்பதும் அதுவே. கொழுப்பு கூடினாலோ பித்தநீர் அதிகம் சுரக்கும். வேறு சில பாக்டீரியாக்கள் அதைக் குடல் சுவரை அரிக்கும் அமிலங்களாக மாற்றிவிடும்.

இரண்டு வாரத்தில் அமெரிக்கர்களின் ப்யூட்டிரேட் இரண்டரை மடங்கானது. அந்த அமிலங்கள் 70 சதவிகிதம் குறைந்தன. கிராமத்தாருக்கோ ப்யூட்டிரேட் பாதியானது, குடல் சுவரில் அழற்சி ஏறியது. யாருக்கும் புற்றுநோய் வந்துவிடவில்லை, போய்விடவும் இல்லை. ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிந்துவிட்டது.

ஆகவே ஆபீஸ் கேன்டீனில் பஜ்ஜிக்குப் பதில் சுண்டல் கேளுங்கள். கீரை, வாழைத்தண்டு, தோலோடு பயறு எல்லாம் பாக்டீரியா சம்பளம்தான். சாசேஜ், பேக்கன் போன்ற பதப்படுத்திய இறைச்சி புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவு 2015-லேயே சொல்லிவிட்டது.

சுண்டல் தின்றால் போதும் என்றும் இருந்துவிடாதீர்கள். மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிப்போன மலப்போக்கு, காரணமில்லாத எடைக் குறைவு... "பைல்ஸ்தான், வயசுதான் முப்பது ஆகலையே" என்று நாமே தீர்ப்பு எழுதக்கூடாது. பல நாடுகளில் இந்த நோய் இளைஞர்களிடம் கூடிவருகிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணமாக்கலாம்.

மேனேஜருக்கு எழுதும் லீவ் லெட்டரில் 'ஜுரம்' என்றே இருக்கட்டும். டாக்டரிடம் மட்டும் வெட்கப்படாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள்!