பாதையைத் திருப்பிவிட்டுப் பள்ளம் தோண்டுங்கள்

கரிசல் மண்ணின் குணத்தை இந்தப் பக்கத்து விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி மழையில் நீர் குடித்து உப்பும். எப்போதும்வென்றான், எட்டயபுரம், கோவில்பட்டி வட்டாரத்துக்கு இணையத்தைக் கொண்டுவரும் ஃபைபர் கேபிள் இந்த மண்ணுக்குள்தான் கிடக்கிறது. மண் அசைந்தால் குழாயும் அசையும், இணைப்புப் பெட்டியும் அசையும். குடிநீர்க் குழாய் பதிக்கப் பொக்லைன் இறங்கினால் கேபிளே அறுந்துபோகும். அறுந்த இழையை ஒட்டுவது நுணுக்கமான வேலை. முடியளவே தடிமனுள்ள கண்ணாடி இழையின் மேலுறையை உரித்து, துடைத்து, நுனியை நேராக வெட்டி, இரு நுனிகளையும் மின்பொறியால் உருக்கிச் சேர்க்க வேண்டும். கேபிளுக்குள் எத்தனை இழைகள் உண்டோ அத்தனை முறை. ஆகவே பராமரிப்பு வேலையே நடக்காத இணையத்தை இங்கே எதிர்பார்க்க முடியாது. ஆனால் முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யும் வேலைக்காக, தீப்பெட்டி பண்டல் ஏற்றிய லாரிக்கு இ-வே பில் எடுக்க வந்தவரும் ரேஷன் கடையில் கைரேகை வைக்க நிற்பவரும் காத்துக்கிடக்க வேண்டுமா? வேண்டியதில்லை. திட்டமிட்ட வேலைகளில் வரும் தடங்கல் பலநேரம், வேலையை எந்த வரிசையில் செய்கிறார்கள் என்பதால் வருகிறது.

வரிசை ஏன் முக்கியம் என்று பார்ப்போம். இணையத்தில் ஒவ்வொரு நிறுவனத்திடமும் உள்ள ரவுட்டர், அதாவது தரவுக்கு வழிகாட்டும் கருவி, பக்கத்து நிறுவனத்தின் ரவுட்டரிடம் ‘இன்னின்ன முகவரிகளுக்கு என் வழியாகப் போகலாம்’ என்று அறிவிக்கிறது. இதற்கான விதிமுறைக்கு பிஜிபி என்று பெயர். பல நிறுவனங்கள் ஓரிடத்தில் கூடித் தரவைப் பரிமாறிக்கொள்ளும் மையங்களும் உண்டு. 2003இல் தொடங்கப்பட்ட நிக்சி அமைப்பு அப்படியொரு மையத்தைச் சென்னையில் நடத்துகிறது. இத்தகைய மையத்தில் நடுவே உள்ள ஒரு சுவிட்சைப் பழுதுபார்க்க நிறுத்தினால், இரு முனை ரவுட்டர்களுக்கும் அது உடனே தெரியாமல் போகலாம். அவற்றின் பக்கத்துக் கேபிளில் ஒளி வந்துகொண்டுதான் இருக்கும். எதிர்முனையின் மௌனத்தைப் பார்த்து இணைப்பு செத்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு விதிமுறை பரிந்துரைக்கும் நேரம் 90 விநாடி. பல கருவிகளில் அது 180 விநாடி. அதுவரை அனுப்பிய தரவு எங்கும் போய்ச் சேராது. வேறு நல்ல பாதை தயாராக இருந்தும், நம் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இதற்கு மருந்து புதிதல்ல. நெடுஞ்சாலையில் பாலத்தை இடிக்கும்முன் வண்டிகளை மாற்றுப்பாதைக்குத் திருப்பிவிடுகிறோமே, அதேதான். இணையத் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் 2018இல் இரண்டு வழிமுறைகளை ஆவணமாக்கியது. முதலாவதில், வேலை செய்யப்போகும் நிறுவனம் தன் பாதை அறிவிப்புகளில் 65535:0 என்ற குறியைச் சேர்க்கிறது. அதைப் பார்த்த பக்கத்து ரவுட்டர் அந்தப் பாதையைக் கடைசித் தேர்வாகத் தள்ளிவைத்து, வேறு வழியில் தரவை அனுப்பத் தொடங்கும். இத்தனைக்கும் பழைய பாதை இன்னும் திறந்தே இருக்கும். இரண்டாவது வழிமுறை பரிமாற்ற மையங்களுக்கானது. ரவுட்டர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பிஜிபி செய்திகளை மட்டும் மையம் தடுக்கிறது, மற்ற தரவை ஓடவிடுகிறது. அதே 90 விநாடியோ 180 விநாடியோ கழியும். ஆனால் ஒன்றும் தொலையாது. ரவுட்டர்கள் தாமாகவே வேறு பாதைக்குப் போய்விடும். அளவுமானியில் போக்குவரத்து ஏறக்குறைய வற்றிவிட்டதைக் கண்ணால் பார்த்த பிறகே சுவிட்சில் கை வைக்க வேண்டும். இதற்குப் பெரிய செலவு கிடையாது. வேண்டியது சில வரிக் கட்டளைகளும் கொஞ்ச நேரப் பொறுமையும்தான்.

ஒன்றரை நிமிடத்துக்கு இத்தனை பாடா என்று கேட்பார்கள். யுபிஐயில் பணம் அனுப்புகிறவருக்கு அந்த ஒன்றரை நிமிடம் சிறியதல்ல. கணக்கில் பணம் கழிந்து கடைக்காரருக்கு வராமல் போனால் அது திரும்ப வந்துசேர, ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை ஐந்து நாள் அவகாசம் தருகிறது. அதைத் தாண்டினால்தான் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அன்றாடக் கூலியில் வாழும் வீட்டுக்கு ஐந்து நாள் என்பது ஏறக்குறைய ஒரு வாரச் சமையல். இரவு இரண்டு மணிக்குச் செய்தால் போதாதா என்பது அடுத்த கேள்வி. இரவு வேலை நல்லதுதான், ஆனால் நள்ளிரவிலும் 108க்கு அழைப்பு போகிறது; டவருக்கு வரும் கேபிள் அப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். இரவில் பாதிக்கப்படுவோர் குறைவு என்பதற்காக, பாதிப்பே இல்லாமல் செய்யும் வழியைக் கைவிடுவது நியாயமில்லை.

அனுபவசாலிகளுக்கு இத்தனை சடங்கு தேவையில்லை என்ற வாதத்துக்குக் கனடா பதில் சொல்லிவிட்டது. 2022 ஜூலை 8 அன்று அந்நாட்டின் தொலைத்தொடர்பு நிறுவனமான ரோஜர்ஸின் ஏழு கட்ட மேம்பாட்டு வேலையில் ஆறாவது கட்டம் நடந்துகொண்டிருந்தது. முந்தைய கட்டங்கள் சுமுகமாக முடிந்ததால் ஆபத்து குறைவு என்று கணித்திருந்தார்கள். பாதை அறிவிப்புகளை மட்டுப்படுத்தும் ஒரு வடிகட்டியை நீக்கியதும் மைய ரவுட்டர்கள் தாங்க முடியாமல் விழுந்தன. 1.2 கோடிக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொடர்பிழந்தார்கள். அவசர அழைப்புகளும் பாதிக்கப்பட்டன. 2021 அக்டோபர் 4இல் ஃபேஸ்புக், வாட்ஸ்அப் எல்லாம் பல மணி நேரம் மறைந்துபோனதும் வழக்கமான பராமரிப்பின்போது தரப்பட்ட ஒரு கட்டளையால்தான்.

எதிர்வாதங்களில் கனமானது ஒன்று உண்டு: திருப்பிவிட இரண்டாவது பாதை இருந்தால்தானே? உண்மை. ஊராட்சி ஒன்றியத்திலிருந்து ஒரே கேபிள் வரும் ஊராட்சியில் எந்தக் கட்டளையும் உதவாது. இந்தக் குறையை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. 1,39,579 கோடி ரூபாய் மதிப்பில் 2023 ஆகஸ்டில் ஒப்புதல் பெற்ற திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், அதாவது ஊராட்சிகளுக்கு ஃபைபர் இணைப்பு தரும் திட்டம், நேர்க்கோட்டு இணைப்பை வளையமாக மாற்றச் சொல்கிறது. வளையத்தில் ஒருபக்கம் அறுந்தால் மறுபக்கமாகத் தரவு வரும். ஆனால் வளையம் போட்டபின்னும் திருப்பிவிடாமல் பிடுங்கினால் பழைய கதைதான். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024இல் கொண்டுவந்த சேவைத் தர விதிகளின்படி, ஒரு மாவட்டத்தில் 4 மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் பெரிய தடங்கலை நிறுவனங்கள் தெரிவிக்க வேண்டும். நல்ல தொடக்கம். திட்டமிட்ட வேலைகளில் பாதையைத் திருப்பிவிட்டார்களா என்ற கேள்வியும் அந்த விதிகளில் ஏற வேண்டும். நாமும் சும்மா இருக்க வேண்டாம். அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் எழுந்து, நம் ஊராட்சிக்கு வரும் கேபிளுக்கு மாற்றுப்பாதை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வளைய இணைப்பு கேட்டுத் தீர்மானம் போடச் சொல்லுங்கள்.