மருந்துக்கும் ஓர் உரைகல்

பொன்னின் மாற்றறிய உரைகல் வேண்டும். மருந்தின் மெய்ம்மையறியவும் ஆய்வுக்கூடங்களில் உரைகற்கள் உண்டு. டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டின் ஒப்பீட்டுப் பொருள் அவற்றுள் ஒன்றாகும்.

தூய்மை முன்னரே அளந்து உறுதி செய்யப்பட்ட வெண்ணிறத் தூள் இது. இதன் மூலக்கூறு எடை 392.5. நீரில் பெரும்பாலும் கரையாது. மெத்தனாலில் ஓரளவு கரையும்.

மூட்டுவலிக்கும் ஆஸ்துமாவுக்கும் மூலிகை மருந்தென விற்கப்படும் சில பொடிகளில் இந்த ஸ்டீராய்டை மறைவாகக் கலப்பதுண்டு. வலி விரைந்து தணியும். நெடுநாள் உண்டால் எலும்பு நலியும்; இரத்தச் சர்க்கரை உயரும்; அட்ரீனல் சுரப்பி தன் பணியில் தளரும். அந்நிலையில் திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஊறு நேரலாம்.

ஐயத்திற்குரிய பொடியின் சாற்றையும் ஒப்பீட்டுப் பொருளின் கரைசலையும் மென்படல வண்ணப்பிரிகைத் தகட்டில் அருகருகே இட்டுக் கரைப்பானை ஏறவிடுவர். புற ஊதா ஒளியில் இரு புள்ளிகளும் ஒரே உயரத்தில் தோன்றினால் ஐயம் வலுப்படும். பின்னர் நிறை நிறமாலைமானியால் அதனை உறுதி செய்வர்.

இத்தூளைக் கையாள்வோர் கையுறையும் முகக்கவசமும் அணிதல் வேண்டும். தூள் காற்றில் பறக்கலாகாது. கருவுற்ற மகளிர் இப்பணியைத் தவிர்த்தல் நன்று. பெயர்ச்சீட்டு ஒட்டி, இறுக மூடி, ஒளிபடாது வைத்தல் வேண்டும். ஆய்வுக்குரிய இதனை மருந்தாக உட்கொள்ளவே கூடாது.

2020இல் பிரிட்டனில் நிகழ்ந்த ஆய்வொன்றில், பிராணவாயு தேவைப்பட்ட கொரோனா நோயாளரின் இறப்பைக் குறைத்ததும் இதே டெக்சாமெதசோன்தான். மருத்துவர் அளவறிந்து தந்தால் அது மருந்து. பெயர் மறைத்துப் பொடியில் கலந்தால் வஞ்சகம். இவ்வஞ்சகத்தை வெளிப்படுத்தவே ஆய்வுக்கூடத்தில் அந்த உரைகல் காத்திருக்கிறது.