வீதி மரமும் நோய்த் தடையும்

புதுக்கோட்டை நகரின் ராஜவீதிகள் நேராகவும் அகலமாகவும் அமைந்தவை. திவான் சேஷையா சாஸ்திரியார் காலத்தில், அதாவது 1878-க்கும் 1894-க்கும் இடையில், நகரைத் திருத்தி அமைத்தபோது வந்த அழகு அது. அகன்ற வீதிக்கு நிழல் இன்றியமையாதது. புதுக்கோட்டை வெயிலை அறிந்தவர்க்கு இதை விளக்க வேண்டுவதில்லை. 2018 நவம்பர் 16 அன்று வீசிய கஜா புயல் இம்மாவட்டத்தில் எண்ணற்ற மரங்களைச் சாய்த்தது. சாய்ந்த இடத்தில் எதை நடுவது என்று கேட்டால், வேம்பு என்றே பலரும் கூறுவர். ஆனால் பூச்சிகளை விரட்டும் அவ்வேம்பையே ஒரு நோய் பற்றியிருக்கிறது.

மழைக்காலம் தொடங்கியதும் வேம்பின் கிளை நுனிகள் தீயில் வாட்டியவை போல் காய்ந்து நிற்பதை மாணவ நேயர்கள் கண்டிருப்பீர்கள். இதற்கு நுனிக்கருகல் என்று பெயர். 1997-இல் ஃபோமாப்சிஸ் அசாடிராக்டே என்று பெயரிடப்பட்ட பூசணம் இதனை உண்டாக்குகிறது. தேயிலைக்கொசு என்னும் நாவாய்ப்பூச்சி தளிரைத் துளைத்துச் சாறு உறிஞ்சும்போது, அப்புண் பூசணத்துக்கு வாயிலாகிறது. மரம் பெரும்பாலும் மீண்டும் துளிர்த்துவிடும். எனினும் பூவும் காயும் கெடும், நோய் விதையின் வழியாகவும் பரவும்.

நோய் தாங்கும் மரத்தைத் தேடுவது எளிதன்று என்பதற்கு மேனாட்டு எல்ம் மரம் சான்று. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வீதிகளில் எல்ம் மரங்கள் வாடத் தொடங்கின. பட்டை வண்டு சுமந்து வரும் பூசணம் நீர்க்குழாய்களில் புகுகிறது. அதைத் தடுக்க மரமே தன் குழாய்களை அடைத்துக்கொள்கிறது. அதனால் மேலே நீர் ஏறாமல் இலை வாடுகிறது. பகையைத் தடுக்கக் கதவைச் சாத்திவிட்டு, உள்ளே பட்டினியால் மாள்வது போன்றது இது.

ஹாலந்து நாட்டார் 1936-இல் நோய் தாங்கும் முதல் வகையை வெளியிட்டனர். ஆராய்ச்சியாளர் கிறிஸ்டின் பௌஸ்மன் பெயரைத் தாங்கிய அவ்வகை, வேறொரு பூசணத்துக்கு எளிதில் இரையாயிற்று. 1960-இல் வந்த கொமெலின், பின்னர் தோன்றிய கொடிய பூசண இனத்தின் முன் நிற்கவில்லை. 1973-இல் வந்த லோபெல் வகையின் மரபில், நம் இமயத்துக் காட்டு எல்ம் கலந்திருக்கிறது. ஓர் அயல்நாட்டு வீதிக்கு நம் மலை மரம் உதவியது வியப்புக்குரியதே.

இவ்வகைகள் பதியங்களாகவும் ஒட்டுகளாகவும் பெருக்கப்படுபவை. எனவே வீதி முழுவதும் நிற்பது ஒரே மரம்தான். அதை வீழ்த்தக்கூடிய நோய் வந்தால் எல்லாம் ஒருசேர வீழும். நம் வீதி வேம்புகளோ பெரும்பாலும் விதையில் முளைத்தவை. ஒன்றைப் போல் மற்றொன்று இராது. தேடலுக்கு இவ்வேற்றுமையே முதல் பொருள்.

ஒரு தெருவில் ஒரு மரம் கருக, அடுத்தது பசுமையாக நின்றால், அதனை உடனே நோய் எதிர்ப்புடையது என்று துணியலாகாது. அவ்வாண்டு நோய் அதை அணுகாமலும் இருந்திருக்கலாம். பல ஆண்டுகள் குறித்துப் பார்க்க வேண்டும். அதன் கன்றுகளுக்கு வேண்டுமென்றே நோயை ஊட்டிச் சோதிக்கவும் வேண்டும். அத்தகைய மரத்தின் விதை கிடைத்தால் தாமதிக்கலாகாது; வேப்ப விதை சில வாரங்களிலேயே முளைப்புத் திறனை இழந்துவிடும். ஆனி, ஆடியில் பொறுக்கியதை அம்மாதங்களிலேயே விதைத்துவிட வேண்டும்.