ஷின்சான்... குட்டீஸுக்கா, பெரியவங்களுக்கா?

தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் திருத்தணி வீடுகளிலும், பள்ளி விட்டு வரும் குட்டீஸ் கேட்பது ஷின்சானைத்தான். ‘அவனைப் பார்த்துத்தான் எதிர்த்துப் பேசுறாங்க’ என்பது அம்மாக்களின் புலம்பல்.

புலம்பலில் நியாயம் உண்டு. ஷின்சான் குழந்தைகளுக்காகப் பிறந்தவனே அல்ல! 1990-ல் யோஷிடோ உசுய் அவனை வரைந்தது, ஜப்பானில் பெரியவர்கள் படிக்கும் காமிக்ஸ் வார இதழில். 1992-ல் டி.வி தொடரானது. அங்கும் பெற்றோர் முகம் சுளித்தார்கள். 2006-ல் ஹங்காமா சேனல் வழியே இந்தியாவுக்கு வந்தவனை, புகார்களால் 2008-ல் நிறுத்தினார்கள். சில காட்சிகளை வெட்டிய பிறகே திரும்பி வந்தான்.

வெட்டுப்பட்டவை டவுசரை அவிழ்த்து ஆடும் சேட்டைகள். அப்பாவின் வீட்டுக்கடனும், அம்மாவின் சிறுவாட்டுப் பணமும் அப்படியே இருக்கின்றன. அந்தக் காட்சிகளில் ஐந்து வயசுக்குச் சிரிப்பு வராது. சிரிப்பதெல்லாம் பின்னால் சோபாவில் இருக்கும் அப்பாதான்.