சிங்கத்துக்குத் திருப்பதி சொந்த ஊரா?

திருப்பதி உயிரியல் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்த ஐந்து வயதுப் பிள்ளையிடம் "சிங்கம் எங்கே வாழுது?" என்று கேட்டால், "திருப்பதியில்" என்று பதில் வரலாம். பிள்ளை மேல் தப்பில்லை. பார்த்தது அங்கேதானே! 1987-இல் தொடங்கி, சேஷாசலம் மலையடிவாரத்தில் 5,532 ஏக்கரில் பரந்து கிடக்கும் ஸ்ரீ வெங்கடேசுவரா உயிரியல் பூங்கா, சர்க்கஸிலிருந்து மீட்ட சிங்கங்களுக்கும் அடைக்கலம் தந்த இடம். ஆனால் இந்தியாவில் சிங்கம் காட்டு விலங்காகத் திரிவது குஜராத்தின் கிர் காட்டிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் மட்டுமே. இருக்கும் இடம் வேறு, வாழிடம் வேறு என்று பிள்ளைக்குப் புரியவைக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது.

நர்சரி வகுப்புச் சுவர்களில் பனிக்கரடியும் பெங்குவினும் தொங்குகின்றன. சித்தூர், திருப்பதிப் பிள்ளைகளுக்கு அவற்றைவிட அருகில், புதுச் சொல் கற்கவும் பேசிப் பழகவும் கைகொடுக்கும் உயிர்கள் எத்தனையோ உண்டு.

திருமலைப் பாறைகளில் பொன்னிறப் பல்லி ஒன்று வாழ்கிறது. பாறை இடுக்கில் ஒளிந்து, முட்டைகளைப் பாறையிலேயே ஒட்டிவைக்கும். இதைச் சொல்லும்போதே இடுக்கு, பிளவு, குகை, ஓடை, ஈரம் என ஐந்து சொற்கள் வந்துவிடுகின்றன. அதே மலைக்காட்டில் தேவாங்கு இருக்கிறது. பகலெல்லாம் தூங்கி, இரவில் பூச்சி தேடும். குரங்கைப் போல அது தாவுவதில்லை. கிளை விட்டுக் கிளை பற்றி மெல்ல நகரும். கிளைகள் ஒன்றையொன்று தொட்டு நிற்காத காட்டில் அது பாடுபட வேண்டியதுதான். 'அடர்ந்த காடு' என்ற பாடப்புத்தகச் சொல்லுக்கு அப்போதுதான் உயிர் வருகிறது. தாவு, தொற்று, பற்று, ஊர் என்ற வினைச்சொற்களையும் பிள்ளை உடம்பாலேயே நடித்துக் கற்றுக்கொள்ளும்.

சூளூர்ப்பேட்டைப் பக்கம் போனால் பாடம் இன்னும் சுவையானது. 1976-இல் சரணாலயமான நேலப்பட்டு ஏரியில், தண்ணீருக்குள் நிற்கும் கடம்ப மரங்களில் கூழைக்கடாக்கள் கூடு கட்டுகின்றன. இரைக்கு அவை பழவேற்காடு ஏரிக்கும் பறக்கின்றன. குஞ்சு வளர்க்க ஓரிடம், மீன் பிடிக்க வேறிடம்! அந்தப் பறவைக்கு இரண்டும் சேர்ந்ததுதான் வாழிடம். ஒன்று வற்றினால் மற்றது இருந்தும் பயனில்லை.

பலமநேர், குப்பம் பிள்ளைகளுக்கு யானையே பாடம். நெடுங்காலம் யானையே இல்லாத அந்தக் காடுகளுக்கு 1980-களில் தமிழ்நாடு, கர்நாடகக் காடுகளிலிருந்து கூட்டங்கள் வந்தன. 1990-இல் கௌண்டின்யா சரணாலயம் உருவானது. வயலில் இறங்கும் யானையைப் பற்றி வீட்டில் பயத்தோடு பேசுவதைக் கேட்டு வளரும் பிள்ளையிடம் வலசை, தடம், மேய்ச்சல் ஆகிய சொற்களையும் கொடுக்க வேண்டும். பயத்தைப் பேசவும் சொல் வேண்டுமே.

உள்ளூரிலிருந்து பாடம் தொடங்கும் வழி இந்த மண்ணுக்குப் புதிதல்ல. பழைய சித்தூர் மாவட்டத்தின் மதனப்பள்ளிக்கு அருகே உள்ள ரிஷி வேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம், சுற்றுக் கிராமங்களில் சிறு பள்ளிகளை அமைத்தது. அட்டைகளும் கற்றல் ஏணியும் கொண்டு, ஒரே வகுப்பறையில் பல வயதுப் பிள்ளைகளும் அவரவர் வேகத்தில் படிக்கும் முறை அது. அதைச் சென்னை மாநகராட்சி ஆசிரியர்கள் நேரில் பார்த்துவந்த பிறகே, தமிழ்நாட்டில் 'செயல்வழிக் கற்றல்' பரவியது. ரிஷி வேலிப் பள்ளி அமைந்த பள்ளத்தாக்கும் ஒரு வாழிடப் பாடமே: வறண்டு கிடந்த அது மரம் நட்டுப் பசுமையானது. இன்று அதைப் பறவைகளின் காப்பிடம் என்றே சொல்லலாம். கற்பாறைக் குன்றுகளை விட்டு அகலாத, அருகிவரும் மஞ்சள் தொண்டைச் சின்னானும் அங்கே உண்டு.

நகரி, புத்தூர், சித்தூர் வீடுகளில் தமிழும் தெலுங்கும் கலந்தே புழங்குகின்றன. பிள்ளை 'யானை' என்றாலும் 'ஏனுகு' என்றாலும் திருத்த வேண்டாம்; இரண்டையும் சொல்லட்டும். ஆனால் 'பாம்பின் வீடு புற்று' என்று மட்டும் நிறுத்திவிடாதீர்கள். புற்றைக் கட்டுவது கரையான், பாம்பு குடிபுகுவது பிறகு. நண்டுக்கு வளை, கிளிக்குப் பொந்து, குருவிக்குக் கூடு. இவற்றைப் பட்டியலாக ஒப்பிக்க வைத்தால் மறுநாளே மறந்துபோகும். "ஏன் நண்டு கூடு கட்டலை?" என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளை யோசித்துப் பேசத் தொடங்கும்.

அடுத்த முறை குடும்பத்தோடு திருப்பதிக்குப் போகும்போது, உயிரியல் பூங்காவுக்கு அரை நாள் ஒதுக்குங்கள். ஒவ்வொரு கூண்டின் முன்னும் பெயரைக் கேட்டதோடு நகர்ந்துவிடாமல், "இதோட சொந்த ஊர் எது? அங்கே என்ன சாப்பிடும், எங்கே தூங்கும்?" என்றும் பிள்ளையிடம் கேளுங்கள்.