காண்போரை நம்பிய நகைச்சுவை

ஒரு நகைச்சுவைத் தொடர் இடையில் நிறுத்தப்பட்டால், மக்கள் அதனை விரும்பவில்லை என்று கொள்வது வழக்கம். அம்முடிவு எப்போதும் சரியாகுமா?

அமெரிக்காவிலே 1982ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஏ. பி. சி. தொலைக்காட்சி நிறுவனம் ‘பொலிஸ் ஸ்குவாட்’ என்னும் தொடரை ஒளிபரப்பத் தொடங்கிற்று. டேவிட் சக்கர், ஜெரி சக்கர், ஜிம் ஏப்ரகாம்ஸ் ஆகிய மூவர் அதனைப் படைத்தனர். துப்பறியும் நாடகங்களைக் கேலி செய்வதே அதன் நோக்கம். ஆயினும், கதாநாயகராகிய லெஸ்லி நீல்சனின் முகத்திலே சிரிப்பின் சாயலும் இராது. சிரிக்குமிடத்தைச் சுட்டும் பின்னணிச் சிரிப்பொலியும் இல்லை. சிறப்பு விருந்தினராக வரும் நடிகர் அறிமுகத்தின்போதே கொல்லப்படுவார்! அறிவிப்பாளர் ஒரு தலைப்பைக் கூற, திரையிலே வேறொன்று தோன்றும்.

நான்கு பகுதிகளோடு தொடர் நிறுத்தப்பட்டது. எஞ்சிய இரண்டும் யூலை மாதத்திற் காட்டப்பட்டன. ஊன்றிப் பார்த்தாலன்றி அதனைச் சுவைக்க இயலாது என்பதே நிறுவனத் தரப்பில் கூறப்பட்ட காரணம். நல்ல நூலொன்றைப் படித்தாலன்றி விளங்காது என்று குறைகூறுவதை இது ஒக்குமன்றோ?

1988இல் அதே நாயகரும் அதே நகைச்சுவையும் ‘நேக்கட் கன்’ என்னும் திரைப்படமாக வந்தபோது, அரங்குகள் சிரிப்பால் அதிர்ந்தன. வீட்டிலே வேலைகளுக்கிடையே அரைக்கண்ணாற் பார்த்தோர் தவறவிட்டதை, இருண்ட அரங்கில் அமர்ந்தோர் முழுமையாகக் கண்டனர்.

தொடர் நீண்டிருப்பின் சலித்திருக்கும் என்பாரும் உளர். அது பொருந்தக்கூடும். எனினும், அதனைத் தீர்மானிக்கும் வாய்ப்பு பார்வையாளருக்குக் கிட்டவில்லை என்பதே வருந்தத்தக்கது.