கடுக்காயும் கார்புரேட்டரும்

பதிமூன்றாம் நம்பர் ஸ்பேனரை மாட்டி ஓர் இழுப்பு இழுத்தேன். நட்டு அசையவில்லை. அதன் ஆறு முனைகளும் மழுங்கியதுதான் மிச்சம். பழைய கார் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் அது. எங்கள் காரின் நட்டுகள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. அரை அங்குலம் என்றால் 12.7 மில்லிமீட்டர். 13 மில்லிமீட்டர் ஸ்பேனர் அதில் நுழையும், பிடிக்காது. அந்த 0.3 மில்லிமீட்டர் இடைவெளியால் நம் பலம் முழுவதும் முனைகளின் மேல் மட்டும் விழுந்து இரும்பை வழித்துவிடும்.

கார், ஸ்டாண்டர்டு ஹெரால்டு. தாத்தா ஆசையாக வாங்கியது. படவேட்டில் எங்கள் வீட்டுக் கொட்டகையில், வைக்கோலுக்கும் கழற்றிப்போட்ட தறிக் கட்டைகளுக்கும் நடுவே இருபது வருடத்துக்கு மேல் நின்றிருந்தது. தை பிறந்ததும் அதைக் கையில் எடுத்தேன். "பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலை?" என்று தெருவில் கேட்டார்கள். ஆரணியில் பல காலமாகக் கார் பார்க்கும் மேஸ்திரி ஒருவர் மட்டும் அதைக் கேட்கவில்லை. "பாப்பா, மொதல்ல எதையும் கழட்டாத. ஒவ்வொண்ணையும் படம் புடி, நம்பர் போடு, நோட்டுல எழுது. கழட்டறது யாரு வேணா கழட்டுவாங்க, மறுபடி பூட்டறவங்கதான் மெக்கானிக்" என்றார்.

சம்புவராய மன்னர்களின் தலைநகராக இருந்த எங்கள் ஊருக்கு இப்படி எண் போட்டுக் கழற்றிப் பூட்டுவது புதிய செய்தி அல்ல. பழுதுபட்ட பழைய கோயில்கள் மீண்டும் எழுந்து நின்றதைப் பார்த்த ஊர் இது. கற்கோயிலைப் பிரிக்கும்போது ஒவ்வொரு கல்லிலும் எண் எழுதுவார்கள். எந்தக் கல் எங்கே இருந்ததோ அங்கேயே திரும்பப் போக வேண்டும். பழைய காரைப் புதுப்பிப்பதும் அப்படித்தான். இருப்பதில் எதையெல்லாம் காப்பாற்ற முடியும் என்பதே முதல் கேள்வி. சட்டமும் இதையே கேட்கிறது. 2021இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 50 வயது கடந்து, அசல் வடிவம் மாறாமல் இருக்கும் வண்டிக்கே 'விண்டேஜ்' பதிவு கிடைக்கும். சேஸிஸையோ என்ஜினையோ பெரிதாக மாற்றினால் அந்தத் தகுதி போய்விடும்.

வண்டலூர் வண்டி

1959இல் பிரிட்டனில் 'டிரையம்ப் ஹெரால்டு' என்ற பெயரில் வந்த கார் இது. உருவம் கொடுத்தவர் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவானி மிக்கலோட்டி. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் இதைத் தயாரித்தது. என்ஜின் 948 சி.சி.

முதன்முதலாகக் கார் புதுப்பிக்க இறங்குபவருக்கு இது நல்ல துணை. இதன் பாடி பல பகுதிகளாகச் செய்யப்பட்டு, தனியாக உள்ள சேஸிஸின் மேல் போல்ட்டால் பூட்டப்பட்டிருக்கிறது. பானெட்டைத் தூக்கினால் மட்கார்டுகளும் சேர்ந்து முன்பக்கமாகச் சாயும். என்ஜின் முழுவதும் திறந்த புத்தகம்போல் கண்ணுக்கு முன்னால் நிற்கும். டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு வேலை பார்க்கலாம்.

துரு எப்படித் தின்கிறது?

துருவை அழுக்கு என்று நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு குட்டி பாட்டரி. ஈரம் பட்ட தகட்டில் ஓரிடத்தில் இரும்பு அணுக்கள் எலக்ட்ரான்களை விட்டுவிட்டு நீரில் கரைகின்றன. பக்கத்திலேயே இன்னோரிடத்தில் ஆக்சிஜன் அந்த எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. தகடே கம்பியாகவும் நீர்த்துளியே பாட்டரி நீராகவும் வேலை செய்கின்றன. நீரில் உப்பு இருந்தால் மின்சாரம் எளிதாக ஓடும், அரிப்பும் வேகமாகும். கடற்கரை ஊர்க் கார்கள் சீக்கிரம் பொத்துப்போவது இதனால்தான். ஜவ்வாது மலையடிவாரத்தில் நின்ற எங்கள் கார் அந்த வகையில் தப்பித்தது. ஆனால் கதவுக்குக் கீழே சேறு அப்பிக் காயாமல் கிடந்த இடமெல்லாம் விரல் பட்டதும் உதிர்ந்தது.

அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு இறுக்கமாக ஒட்டிக்கொண்டு உள்ளே இருப்பதைக் காக்கும். இரும்புத் துரு அப்படி அல்ல. அது நுண்துளைகள் நிறைந்தது, தான் தின்ற இரும்பைவிட அதிக இடம் கேட்பது. அதனால்தான் பெயிண்ட் கொப்புளம்போல் உப்புகிறது. கொப்புளத்தைச் சுரண்டிப் பார்க்காமல் மேலே பெயிண்ட் அடிப்பது புண்ணை மூடித் தைப்பதற்குச் சமம்.

பாட்டரிதான் துருவை உண்டாக்குகிறது என்றால், மின்சாரத்தைத் திருப்பிவிட்டு அதைக் கழற்றவும் முடியும். பிளாஸ்டிக் வாளியில் தண்ணீரும் சலவை சோடாவும் கலந்து, துருப்பிடித்த பாகத்தைப் பாட்டரி சார்ஜரின் நெகட்டிவ் முனையிலும், உதவாத ஓர் இரும்புத் துண்டைப் பாசிட்டிவ் முனையிலும் கட்டித் தொங்கவிட்டேன். இரவு முழுக்கக் குமிழ்கள் வந்தன. காலையில் எடுத்தபோது துரு கருஞ்சேறாக விட்டுப்போனது. இதில் எச்சரிக்கை தேவை. வரும் குமிழ்களில் ஹைட்ரஜன் இருக்கிறது, அது தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும். பாசிட்டிவ் முனையில் எவர்சில்வரைக் கட்டவே கூடாது, நச்சான குரோமியம் சேர்மம் நீரில் இறங்கும்.

மலையில் கிடைக்கும் மருந்து

எட்டாத மூலைகளில் மிஞ்சும் துருவை என்ன செய்வது? அதற்குக் கடைகளில் துருமாற்றி விற்கிறார்கள். அதில் இருப்பவை பெரும்பாலும் டானிக் அமிலமும் பாஸ்பாரிக் அமிலமும்தான். டானின் என்றதும் எனக்குக் கடுக்காய் நினைவு வந்தது. ஜவ்வாது மலையில் விளையும் கடுக்காயில் டானின் மிகுதி. அது இரும்போடு சேர்ந்தால் நீலக்கருப்பாகும். சாயக்காரர்கள் துணிக்குக் கருப்பேற்றியது இந்த வேதியியலால்தான்.

ஒரு பழைய தகட்டில் கடுக்காய்க் கஷாயத்தைத் தடவிப் பார்த்தேன். செம்பழுப்புத் துரு என் கண் முன்னே கருத்தது. இந்த இரும்பு டானேட், சாதாரணத் துருவைவிட நிலையானது. ஆனாலும் பிரைமருக்கு இது மாற்று ஆகாது. காருக்குக் கடைத் துருமாற்றியையே பூசி, அதன் மேல் பிரைமர் அடிப்பேன். பாஸ்பாரிக் அமிலம் செய்யும் வேலைக்கும் ஒரு பழைய சாட்சி உண்டு. டெல்லி இரும்புத் தூண் 1,600 ஆண்டுகளாகத் துருப்பிடித்து அழியாமல் நிற்பதற்கு அந்த இரும்பில் உள்ள பாஸ்பரஸ் உதவி செய்து உருவான பாதுகாப்புப் படலமே காரணம் என்று கான்பூர் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் ஆர்.பாலசுப்ரமணியம் ஆராய்ந்து காட்டினார்.

காற்றும் பொறியும்

கார்புரேட்டரின் குறுகிய தொண்டை வழியே காற்று போகும்போது வேகம் கூடும், அழுத்தம் குறையும். அந்தக் குறைவுதான் ஜெட் எனும் பித்தளைத் துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறக்குறைய 15 பங்கு காற்று என்பது எடைக் கணக்கு. என் கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் காய்ந்து பிசினாக அடைத்திருந்தது. 1888இல் பெர்த்தா பென்ஸ் தன் இரு மகன்களோடு சுமார் 100 கிலோமீட்டர் தூரம் காரோட்டிச் சென்றபோது, அடைத்த எரிபொருள் குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்தார். குழாய்க்கு ஊசி சரி, ஜெட்டுக்குக் கூடாது. துளை ஒரு மயிரளவு பெரிதானாலும் கலவை மாறிவிடும். ஊறவைத்து, காற்றடித்துத்தான் சுத்தம் செய்தேன்.

நான்கு சிலிண்டர் என்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றினால் நொடிக்கு 100 பொறி வேண்டும். ஒவ்வொரு பொறிக்கும் 'பாயிண்ட்' எனும் குட்டி சுவிட்ச் ஒருமுறை திறந்து மின்சாரத்தை அறுக்கும். அந்தக் கணத்தில் இக்னிஷன் காயிலின் காந்தப்புலம் சரிந்து, 12 வோல்ட் பல்லாயிரம் வோல்ட்டாக எழும்பும். பாயிண்ட் திறக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டருக்கும் குறைவு.

வயரிங்தான் என்னை மலைக்கவைத்தது. எலி கடித்த இடங்களில் வயர்கள் கொத்தாக அறுந்து தொங்கின. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். தறியில் பாவு தீர்ந்ததும் பழைய பாவின் ஒவ்வோர் இழையையும் புதிய பாவோடு பிணைப்பது அவர் வேலை. ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றுகூட மாறக் கூடாது. "கலர் சொல்லுடி" என்றார். பழுப்பு நேராகப் பாட்டரியிலிருந்து வருவது, வெள்ளை சாவி திருப்பினால் உயிர் பெறுவது, கறுப்பு எர்த் என்று சொன்னேன். அவர் இழை பிரிப்பதுபோல் வயர்களைப் பிரித்து ஜோடி சேர்த்துக் கொடுத்தார். நான் பற்றவைத்தேன். அன்று மாலை டெஸ்ட் லாம்ப் எரிந்தது. இயந்திர வேலைக்கு வேண்டிய கை எங்கள் வீட்டில் எப்போதோ பழகியிருந்தது. அதை இயந்திர வேலை என்று யாரும் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

என்ஜின் இன்னும் ஓடவில்லை. துருவால் இறுகிய பிஸ்டன்களுக்காகப் பிளக் துளைகளில் எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன். விளக்குத் திரியில் ஏறுவதுபோல் எண்ணெய் நுண்ணிய இடுக்குகளில் தானே ஊரும், நாம் பொறுமையாக இருந்தால் போதும். மூன்று வாரம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை கையால் திருப்பியபோது கால் சுற்று நகர்ந்தது. ஐப்பசி மழையின் ஈரம் வருவதற்குள் சேஸிஸுக்குப் பிரைமர் அடித்து முடிக்க வேண்டும். அதுவரையிலான ஞாயிற்றுக்கிழமைகளை அம்மாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.